லாரி சட்டென்று ஒடித்ததால் விபத்தா? வழக்கைக் கெடுக்கும் தவறுகள்

கீழக்கரையிலிருந்து ஏர்வாடி, சாயல்குடி பக்கம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பு லாரி, மீன் வண்டி, பைக் எல்லாம் ஒன்றாகத்தான் ஓடுகின்றன. பைக்கை முந்திய லாரி, எதிரே பஸ்ஸைக் கண்டதும் இடப்பக்கம் ஒடித்துப் பிரேக் போடும். பைக் அதன் பின்னால் போய் மோதும்.

புகாரில் ‘லாரியின் பின்புறம் பைக் மோதியது’ என்று மட்டும் எழுதிக் கொடுப்பதுதான் பெரிய தவறு. படிப்பவருக்குத் தப்பு முழுக்க பைக்காரர் மேல் என்றே படும். லாரி முந்தியது, இடம் விடாமல் ஒடித்தது, பிரேக் போட்டது மூன்றும் முதல் புகாரிலேயே வரவேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தருவார்கள்; வாங்கி வரிவரியாகப் படியுங்கள்.

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும், வண்டிகளை ஓரங்கட்டுமுன் கூட இருப்பவர் படம் எடுக்கட்டும். லாரியின் இடப்பக்க பாடியில் நீளக் கீறல் இருந்தால் அது உரசியபடி ஒடித்த கதையைச் சொல்லும். வெள்ளைக் கோடும் டயர் தடமும் கண்ணாடித் தூள் கிடக்கும் இடமும் ஒரே படத்தில் விழுந்தால் நல்லது. சாலையில் மீன் வண்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர் கிடந்தால், அது காய்வதற்குள் அதையும் படம் எடுக்கவேண்டும்.

“இண்டிகேட்டர் போட்டேனே” என்பார் டிரைவர். போட்டிருக்கலாம். அதற்காக இடம் காலியா என்று பார்க்காமல் நுழைய உரிமை வந்துவிடாது.

டிரைவர் பாவம் என்று பேசி முடித்துக்கொள்வதும் உண்டு. மனசு நல்லதுதான், ஆனால் வேலையில் இருந்த டிரைவரின் தவறுக்கு ஓனரும் பொறுப்பு. லாரிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் (வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீடு) இருந்தால் பணம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். இழப்பீட்டு மனுவில் டிரைவர், ஓனர், இன்ஷூரன்ஸ் கம்பெனி மூவரையும் சேர்க்கவேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம்.

கட்டுப் பிரித்தபிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போடவேண்டும். இது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. லாரி வெளிமாநிலத்தது என்றாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ உள்ள மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடலாம்.

ஹெல்மெட் போடாதவர்களுக்கு வழக்கே கிடையாது என்பது தவறு. தலையில் அடி என்றால் தொகை குறையக்கூடும், அவ்வளவுதான்.

லாரி நிற்காமல் ஓடிவிட்டால், இறப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50 ஆயிரமும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். நம்பர் தெரிந்தால் முழு இழப்பீடு கேட்கலாம். அதனால் வழியிலுள்ள பெட்ரோல் பங்க், டீக்கடைக் கேமராப் பதிவுகளை அழியுமுன் எடுத்துவைக்கும்படி போலீஸிடம் அன்றே எழுதிக் கேளுங்கள்.