ரெண்டு அடின்னு எழுதினா பத்தாதா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கல்லூரி முடித்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஒரு பையன் என் வக்கீல் அறைக்கு வந்தான். கையில் நாலு பக்க மனு. வாகனச் சோதனையில் ஒரு டெலிவரிப் பையனை போலீஸ்காரர் அடித்ததைத் தெருமுனையில் நின்று பார்த்திருக்கிறான். மனுவின் மூன்றாவது வரியிலேயே “சரமாரியாக” என்று இருந்தது. அதற்கு மேல் படிக்காமல் தாளை மேஜையில் வைத்துவிட்டேன்.

அந்தச் சொல்லை நானும் ஒரு காலத்தில் எழுதியவன். அதனால் ஒரு வழக்கே போனது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

போலீஸ் மேல் கை வைக்காதீர்கள், கல்லெறியாதீர்கள், குடித்துவிட்டு நியாயம் கேட்கப் போகாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது புரியாதவர் இதைப் படிக்கப் போவதும் இல்லை. போலீஸ் அடிப்பதைப் பார்த்துவிட்டுச் சாட்சி சொல்ல வருகிறவர்களில், நல்ல எண்ணத்தோடு, விவரம் தெரிந்தவர்களே செய்கிற தவறுகள்தான் எனக்குத் தலைவலி.

குறுக்கே போய் நிற்பது

பொது இடத்தில் பணியில் இருக்கும் காவலரைப் படம் எடுக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. “போனை உள்ள வை” என்பது அதட்டல், சட்டப் பிரிவு அல்ல. ஸ்டேஷனுக்குள் எடுத்தால் அரசு ரகசியச் சட்டம் பாயும் என்பார்கள். காவல் நிலையம் அந்தச் சட்டம் சொல்லும் தடைசெய்யப்பட்ட இடம் அல்ல என்று 2022-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு நம்மூர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டலாம்.

லத்திக்கும் அடிபடுகிறவருக்கும் நடுவில் போய் நின்றால் கதையே வேறு. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 221-ம் பிரிவு. கை பட்டுவிட்டால் 132. அந்த நிமிஷம் முதல் நீங்கள் சாட்சி இல்லை, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். பத்தடி தள்ளி நில்லுங்கள். “தள்ளிப் போ” என்றால் இரண்டு எட்டு பின்னால் வைத்து, எடுத்துக்கொண்டே இருங்கள். முக்கியமாக, பேசாதீர்கள். “பாருங்க மக்களே, என்ன அநியாயம்” என்று நீங்கள் கத்துவதில், அவர் என்ன சொல்லி அடித்தார் என்பது வீடியோவில் கேட்காமல் போய்விடும். அவர் சொன்னதுதான் சாட்சியம், உங்கள் வசனம் அல்ல.

பார்க்காததை எழுதுவது

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், தென் மாவட்டத்தில் ஒரு பஸ் ஸ்டாண்டு. நான் சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். ஓய்வு நேரத்தில் உண்மையறியும் குழுக்களோடு ஊர் ஊராகப் போவேன். செல்போன் திருடினான் என்று ஒரு பதினெட்டு வயதுப் பையனை எஸ்.ஐ. அடித்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். எதிர்க் கடையில் பரோட்டா மாஸ்டராக இருந்த ஒரு அண்ணாச்சி பார்த்தார். சாட்சி சொல்லவும் துணிந்தார். அந்தக் காலத்தில் அந்த ஊரில் அது சாதாரண விஷயம் இல்லை.

அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, முட்டிக்குக் கீழ ரெண்டு அடி விழுந்துச்சு. கையை நீட்டித் தடுத்தான், விரல்ல ஒண்ணு பட்டுச்சு. அப்புறம் சட்டையைப் பிடிச்சு இழுத்து ஏத்திட்டாங்க.”

நான் எழுதியது: “சரமாரியாகவும் கண்மூடித்தனமாகவும் தாக்கி, பூட்ஸ் காலால் நெஞ்சில் மிதித்து, ஈவு இரக்கமின்றி இழுத்துச் சென்றனர்.” பூட்ஸ் எங்கிருந்து வந்தது? பக்கத்துப் பூக்கடையில் யாரோ சொன்னார்கள். அவர்களுக்கும் யாரோ சொன்னதாம். இரண்டு அடி என்று எழுதினால் நீதிமன்றம் அசையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. வாசித்துக் காட்டினேன். அண்ணாச்சி ஒரு நொடி தயங்கினார். “படிச்ச பிள்ள, சரியாத்தான் எழுதியிருப்பீக” என்று கையெழுத்துப் போட்டார்.

போலீஸ் வழியாக இல்லாமல் நேரே போட்ட தனிப்புகார் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வந்து குறுக்கு விசாரணை நடக்க மூன்று வருஷம் ஆனது. எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.

“கல்லுல நிக்கிறப்ப உங்க முகம் எந்தப் பக்கம்?”

“சுவத்துப் பக்கம்யா.”

“ரோடு?”

“முதுகுப் பக்கம். சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தேன்.”

“எஸ்.ஐ. அன்னைக்கு பூட்ஸ் போட்டிருந்தாரா?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எஸ்.ஐ. அன்றைக்கு மப்டியில், செருப்போடு இருந்திருக்கிறார். எங்கள் தரப்பு இன்னொரு சாட்சியே அதை ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியில் (காயங்களைக் குறிக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல்) இடது காலில் இரண்டு கன்றிய காயம், வலது மோதிர விரலில் எலும்பு முறிவு. நெஞ்சில் ஒரு கீறல்கூட இல்லை. அண்ணாச்சி முதலில் என்னிடம் சொன்னதும் மருத்துவர் எழுதியதும் அச்சுக்கு அச்சு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் என் தமிழ் புகுந்து கெடுத்துவிட்டது.

ஒன்றில் பொய் என்றால் எல்லாமே பொய் என்ற விதி இந்திய நீதிமன்றங்களுக்குக் கிடையாது. பதரைத் தள்ளி நெல்லை எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. சட்டப் புத்தகத்தில் சரி. எதிரி போலீஸ் அதிகாரியாக இருக்கும் வழக்கில், முறத்தை எடுத்துப் புடைக்க எல்லாருக்கும் பொறுமை இருப்பதில்லை. சாட்சி மிகைப்படுத்தியிருக்கிறார் என்று ஒரு வரி, எஸ்.ஐ. விடுவிக்கப்பட்டார். பூட்ஸோடு சேர்ந்து அந்த உண்மையான இரண்டு அடியும் போனது.

அந்தப் பையனுக்கு மோதிர விரல் இன்னும் முழுசாக மடங்காது. பிறகு ஒருநாள் டீக்கடையில் பார்த்தபோது கேட்டான்: “ஏண்ணே, ரெண்டு அடின்னு எழுதியிருந்தா பத்தாதா?”

பத்தும். போலீஸ் யாரையும் ஒரு அடிகூட அடித்து விசாரிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. இரண்டை இருபதாக்க வேண்டிய தேவையே இல்லை.

பாரதிய சாட்சிய அதினியம், அதாவது இப்போதைய சாட்சியச் சட்டம், 55-ம் பிரிவு சொல்வது எளிது: கண்ணால் பார்க்கக்கூடிய விஷயமென்றால், பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். முன்பு எழுதிக் கொடுத்ததற்கும் கூண்டில் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை 148-ம் பிரிவில் ஒவ்வொரு வரியாகப் பிடித்து உரிப்பார்கள். ஆகவே அன்று ராத்திரியே, தூங்குவதற்கு முன், ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே நின்றீர்கள், எத்தனை எட்டு தூரம், தெருவிளக்கு எரிந்ததா, நடுவில் என்ன மறைத்தது, எத்தனை பேர், கையில் என்ன, எங்கே எத்தனை அடி, காதில் விழுந்த வார்த்தை அப்படியே, கெட்ட வார்த்தையானாலும். எந்த நொடியில் பார்வையிலிருந்து மறைந்தார்கள் என்பதையும். தேதி, நேரம், கையெழுத்து. அதைப் படமெடுத்து உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், என்றைக்கு எழுதியது என்று பின்னால் யாரும் கேட்க முடியாது.

மற்றவர்கள் சொன்னதை வேறு தாளில், சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். அவர் பார்த்திருந்தால் அவரே சாட்சி. நாலு பேர் பார்த்திருந்தால் நாலு பேரும் தனித்தனியாக உட்கார்ந்து எழுதுங்கள். ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசி எழுதிய நாலு வாக்குமூலமும் நாலு ஜெராக்ஸ் மாதிரி இருக்கும். கோர்ட் அதை அப்படித்தான் பார்க்கும்.

சரமாரி, கண்மூடித்தனம், கொலைவெறி, மிருகத்தனம்: இவையெல்லாம் பத்திரிகைக்காரர் சொற்கள். சாட்சியின் சொற்கள் “ரெண்டு”, “இடது கால்”, “அதுக்கப்புறம் தெரியல”. அந்த “தெரியல”தான் மற்ற எல்லாவற்றையும் நம்ப வைக்கும்.

சனிக்கிழமை வந்த பையனை உட்கார வைத்து மறுபடி எழுதச் சொன்னேன். நாலு பக்கம் ஒன்றரைப் பக்கமானது. “மூன்று அடி பார்த்தேன். அப்போது டவுன் பஸ் ஒன்று குறுக்கே வந்தது. பஸ் போன பிறகு அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.” படித்துவிட்டு, “சார், இது ரொம்ப சப்புன்னு இருக்கே” என்றான். இருக்கட்டும் என்றேன்.

வீடியோவை ஊருக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழிப்பது

2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தபோது, ஒருவர் மறைந்திருந்து எடுத்த சின்ன வீடியோதான் “வலிப்பு வந்தது” வகைக் கதைகளுக்கு இடமில்லாமல் செய்தது. அதன் பிறகு எல்லாருக்கும் போனின் அருமை தெரிந்திருக்கிறது. ஆனால் பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “மெமரி ஃபுல்” என்று போனில் இருப்பதை அழித்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கும். எப்போது எடுத்தது என்ற உள்விவரமும் நிற்காது. மிஞ்சுவது யாரோ யாருக்கோ அனுப்பியது.

மூலக் கோப்பு எடுத்த போனிலேயே இருக்கட்டும். வெட்டாதீர்கள், வட்டம் போடாதீர்கள், சோகப் பாட்டு சேர்க்காதீர்கள். பிரதி எடுத்து நீதிமன்றத்தில் கொடுப்பதென்றால் சாட்சிய அதினியம் 63(4)-ன் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பை (கோப்புக்குக் கைரேகை மாதிரியான ஒரு எண்) குறிப்பிட வேண்டும், நிபுணர் நிரப்ப வேண்டிய பகுதியும் உண்டு. ஒரு நொடி வெட்டினாலும் ஹேஷ் மாறிவிடும். போலீஸ் போனைக் கைப்பற்றினால், கைப்பற்றியதை எழுதும் மகஜர் என்ற பத்திரத்தின் நகல் இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள்.

“ஸ்டேஷன்ல கேமரா இருக்குல்ல?”

இருக்கும். 2020 டிசம்பர் 2-ல், பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஒரு வருஷம் இருக்க வேண்டும் என்றது. அதற்கு ஆறு மாதம் முன்னால் சாத்தான்குளத்தில் அப்பா ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் ராத்திரி முழுக்க அடிக்கப்பட்ட ஸ்டேஷனிலும் கேமரா இருந்தது. விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பார்த்தபோது, ஹார்டு டிஸ்கில் இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. இருவரும் தரையில் உருண்டு காயப்படுத்திக்கொண்டார்கள் என்ற எஃப்.ஐ.ஆர். கதையைப் பொய்யாக்கியது பக்கத்துக் கடைக் கேமரா.

ஆகவே பக்கத்துக் கடைக்குத்தான் முதலில் போக வேண்டும், அன்றைக்கே. சாதாரணக் கடைக் கேமராவில் சில நாளில் பழையது மேல் புதியது ஏறிவிடும். கடைக்காரர் பயந்தால் வற்புறுத்தாதீர்கள். கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டு, பதிவைப் பாதுகாக்க உத்தரவிடும்படி மாஜிஸ்திரேட்டிடம் மனு போட வழி இருக்கிறது.

வெற்றுத் தாளில் கையெழுத்து

போடாதீர்கள்.

கைது மெமோவில் ஊர்க்காரர் என்ற முறையில் சாட்சிக் கையெழுத்துக் கேட்டால் போடலாம். அதில் எழுதியிருக்கும் நேரத்தை முதலில் பாருங்கள். ராத்திரி ஒன்பதுக்குத் தூக்கியதை மறுநாள் காலை ஆறு என்று எழுதியிருந்தால், பக்கத்தில் உங்கள் கையால் சரியான நேரத்தை எழுதிவிட்டுப் போடுங்கள்.

கூப்பிட்டதும் ஸ்டேஷனுக்கு ஓடுவது

சாட்சியை அழைக்க பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டம்) 179-ன் கீழ் எழுத்தில் உத்தரவு வேண்டும். “ஏட்டையா வரச் சொன்னார்” என்பது உத்தரவு அல்ல. பெண்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், 15 வயதுக்குட்பட்ட பையன்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்தை வாங்கவே கூடாது. 181-ம் பிரிவைக் காட்டுங்கள்.

அதே ஸ்டேஷனில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பது

மனு ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள், ஆறு மாதம் ஓடிவிடும். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 175(3)-ன் கீழ் மனு. எதிரி பணியிலிருந்த அரசு ஊழியர் என்பதால் 175(4) குறுக்கே வரும். மேலதிகாரியின் அறிக்கை கேட்பார்கள். தாமதமாகும், அதனால்தான் சீக்கிரம் தொடங்க வேண்டும்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது, தமிழிலேயே எழுதலாம். ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருஷம் தாண்டினால் விசாரிக்க முடியாது என்பது சட்டம். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு 2021-ல் சொல்லியிருக்கிறது. காவல் புகார் ஆணையம் ஒன்றும் இருக்கிறது. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்தில் அதற்குத் தலைவர் கலெக்டர், கூடவே எஸ்.பி. எனக்கு அதில் நம்பிக்கை வந்ததில்லை.

மாவுக்கட்டு ஜோக்குக்குச் சிரிப்பது

போலீஸ் பிடித்துப் போனவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாராம், அதனால் மாவுக்கட்டாம். இதை ஃபார்வர்டு செய்கிறவர்களிடமிருந்து எனக்குச் சாட்சி வேண்டாம்.

மிரட்டலைச் சொல்லாமல் விழுங்குவது

சாத்தான்குளத்தில் நடந்ததைச் சொன்ன பெண் தலைமைக் காவலர் முதலில் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவே பயந்தார். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே ஒரு காவலர் முகத்துக்கு நேரே ஏளனமாகப் பேசினார். ஆகவே பயப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது, இப்போது பி.என்.எஸ்.எஸ். 398 ஒவ்வொரு மாநிலமும் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. அந்த 2018 திட்டப்படி விண்ணப்பம் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்குப் போகும். ஸ்டேஷன் வழியாகப் போக வேண்டியதில்லை.

அதில் எழுதும்போதும் பூட்ஸைச் சேர்க்காதீர்கள். “கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார்” என்று வராத வார்த்தையை எழுத வேண்டாம். அவர் கடைக்கு வந்து, டீயைக் குடித்துவிட்டு, “உன் தம்பி எந்தக் காலேஜ்ல படிக்கிறான்?” என்று மட்டும் கேட்டிருந்தால், தேதி போட்டு அதை அப்படியே எழுதுங்கள். நீதிபதிக்குப் புரியும்.