மேற்கு அயர்லாந்துக் கடற்கரை: போகுமுன் தெரிந்துகொண்டு தவிர்க்க வேண்டிய தவறுகள்

டப்ளினிலிருந்து விடியற்காலை கிளம்பி, மோஹர் என்ற கடலோரச் செங்குத்து முகடுகளைப் பார்த்து, மேற்குக் கரை நகரமான கால்வேயில் சாப்பிட்டு, அன்றிரவே டப்ளின் திரும்பிவிடலாம் என்று பலர் திட்டம் போடுகிறார்கள். போய்வர முடியும்தான். ஆனால் போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வரவும் அவ்வளவே. கையில் மிஞ்சும் இரண்டு மூன்று மணி நேரமும் கூட்டம் அதிகமாக இருக்கும் நண்பகலில் வந்து விழும். மேற்குக் கரையில் ஒரு நாள் எப்படி அமையும் என்பதைக் கடல் வற்றும் நேரமும் காற்றும் வெளிச்சமும் தீர்மானிக்கின்றன. கிலோமீட்டர் கணக்குக்கு அங்கே இரண்டாம் இடம்தான். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

தூரத்தைத் தவறாகக் கணிப்பது

டப்ளின் - கால்வே நெடுஞ்சாலையில் சுமார் 210 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் கடக்கலாம். அதே வேகத்தைக் கால்வேக்கு மேற்கிலும் எதிர்பார்க்கக் கூடாது. கால்வேயிலிருந்து கொனமாராவின் கிளிஃப்டன் ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். ஆனாலும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். சாலை சதுப்பு நிலத்தின் மேல் போவதால் மேடும் பள்ளமுமாக இருக்கும், ஆடுகள் நடுச்சாலையில் படுத்திருக்கும், ஓரத்தில் வண்டியை ஒதுக்க இடம் இருக்காது. சிறு கிராமச் சாலைகளின் வேக வரம்பு 2025 பிப்ரவரியில் 80-லிருந்து 60 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. வளைவுகளில் அந்த 60-கூட அதிகம். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாதையில் எதிரே வண்டி வந்தால், விலகும் இடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் பின்னால் எடுக்க வேண்டும். வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலையாவது உயர்த்தி நன்றி சொல்வது அங்கே வழக்கம்.

நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பது பெரிய வசதி. அந்தத் தைரியத்தில் வாடகைக் காரின் காப்பீட்டை ஊன்றிப் படிக்காமல் விடுகிறவர்கள் உண்டு. அடிப்படைக் காப்பீட்டில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி ஆகியவை பெரும்பாலும் சேராது. குறுகிய சாலையில் முள்வேலியும் கல்சுவரும் உரசிப் பழுதாவது அவையேதான். ஆட்டோமேடிக் வண்டிகள் குறைவு, வாடகையும் கூடுதல். கோடைக்கு முன்பே பதிவுசெய்துவிடுங்கள். பெட்ரோல் பங்கில் பச்சைக் கைப்பிடி பெட்ரோலுக்கு, கறுப்பு டீசலுக்கு. 150 செ.மீ. உயரத்துக்கோ 36 கிலோ எடைக்கோ குறைவான பிள்ளைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். மடியில் உட்காரவைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

மோஹர் முகடுகள் இருக்கும் கிளேர் பகுதியை முடித்துவிட்டுத் தெற்கே டிங்கிள் போகிறவர்கள் லிமரிக் நகரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாம். கில்லிமரிலிருந்து டார்பர்ட்டுக்குக் காரோடு ஏறும் படகு இருக்கிறது. ஷானன் ஆற்று முகத்துவாரத்தை 20 நிமிடத்தில் கடந்துவிடும். சுற்றிப்போகும் 137 கிலோமீட்டர் மிச்சம்.

ஐரிஷ் மொழி பேசும் பகுதிகளில் ஊர்ப்பெயர்ப் பலகைகள் ஐரிஷில் மட்டும் இருக்கும். டிங்கிளுக்கு வழிகாட்டும் பலகையில் ‘அன் டேங்கன்’ என்றிருந்தால் வழி தவறிவிட்டதாக நினைத்துத் திரும்பிவிடக் கூடாது. போகும் ஊர்களின் இரண்டு பெயர்களையும் முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மோஹர் முகடுகளுக்கு நண்பகலில் போவது

இந்தச் செங்குத்துப் பாறைகளின் உச்சி 214 மீட்டர். அவை பார்ப்பது மேற்கே. எனவே காலையில் சூரியன் பாறைகளுக்குப் பின்னால் நிற்கும், முகம் முழுக்க நிழலில் இருக்கும். பிற்பகல் சாயச் சாயத்தான் வெளிச்சம் நேராக விழுந்து அடுக்கடுக்கான பாறை தெரியும். டப்ளின் பேருந்துகள் குவிவதோ காலை 11-க்கும் மாலை 4-க்கும் இடையில். ஜூன் மாதத்தில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும்போது அந்த நெரிசலில் போய் நிற்க ஒரு காரணமும் இல்லை. டூலினிலோ லாஹிஞ்சிலோ அறை எடுத்துக்கொண்டு மாலை 5 மணிக்கு மேல் போங்கள். நுழைவுச்சீட்டு நேரப் பிரிவுப்படி விற்கப்படுகிறது. இணையத்தில், கூட்டம் குறைந்த நேரத்துக்கு வாங்கினால் விலையும் குறையும். கார் நிறுத்தும் கட்டணம் அதிலேயே அடக்கம். கார் இல்லாதவர்களுக்குக் கால்வேயிலிருந்து 350-ஆம் எண் பேருந்து டூலின் வழியாக இங்கே வருகிறது. டிசம்பரில் கணக்கு தலைகீழ்: மாலை நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும்.

விளிம்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மணற்கல்லும் களிமண் பாறையும் மாறி மாறி அடுக்கிய முகடு இது. அலை அடியில் அரிக்க அரிக்க, மேலே புல்தரை மட்டும் கூரைபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். நிற்பவர் கண்ணுக்குத் திடமான தரையாகத் தெரியும். அடியில் ஒன்றும் இருக்காது. 2024-இல் நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பிறகு டூலினுக்கும் ஹாக்ஸ் ஹெட் முனைக்கும் இடையிலுள்ள நடைபாதையின் நீண்ட பகுதிகள் மூடப்பட்டன. பழைய பயணக் குறிப்புகள் இன்னும் ‘டூலினிலிருந்து நடந்தே வரலாம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்துவிட்டே நடக்க வேண்டும். பலகைக் கல் தடுப்பைத் தாண்டிப் படம் எடுப்பவர்களைப் பார்த்து நீங்களும் தாண்டாதீர்கள்.

ஆரன் தீவுகளுக்குக் கப்பலைத் தவறவிடுவது

‘கால்வேயிலிருந்து ஆரன் தீவு’ என்று சீட்டு வாங்கிவிட்டுக் கால்வே நகரத் துறைமுகத்தில் போய் நிற்பது அடிக்கடி நடக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் கப்பல் புறப்படுவது ரோசவீல் என்ற சிறு துறையிலிருந்து. நகரத்துக்கு மேற்கே சுமார் 38 கிலோமீட்டர். அதற்கு நகரத்திலிருந்து இணைப்புப் பேருந்து உண்டு, தனியாகப் பதிவுசெய்ய வேண்டும். சாலையில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், கடலில் இன்னொரு முக்கால் மணி நேரம். நகரத் துறைமுகத்திலிருந்தே ஒரு கப்பல் உண்டு, ஆனால் கோடைப் பருவத்தில் மட்டும். டூலினிலிருந்து போகும் படகுகளும் பருவகாலப் படகுகள்தான். குளிர்காலத்தில் அங்கே போய் நின்றால் மூடிய சாளரம்தான் வரவேற்கும். பயணிகளின் கார் எந்தக் கப்பலிலும் ஏறாது.

பெரிய தீவான இனிஷ்மோரில் எல்லாரும் தேடிப்போவது டூன் ஏங்கஸ் கற்கோட்டை. இறங்குதுறையான கில்ரோனனிலிருந்து அது 7 கிலோமீட்டருக்கு மேல். சைக்கிள் எடுத்தால் மேட்டுச் சாலையை விட்டுக் கடலோரத் தாழ்ந்த சாலையில் போங்கள். ஏற்றம் குறைவு, வழியில் கடல்நாய்களையும் பார்க்கலாம். சைக்கிளை அடிவாரத்தில் விட்டபின் ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் கரடுமுரடான சுண்ணாம்புக்கல்லில் ஏற வேண்டும். செருப்போடு வந்தவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கோட்டையின் உள்முற்றம் ஏறத்தாழ 90 மீட்டர் செங்குத்துச் சரிவில் முடிகிறது, அங்கே வேலி கிடையாது. எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் விளிம்புக்குச் சற்று முன்பே குப்புறப் படுத்து நகருங்கள். நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் அதுவும் வேண்டாம். சிறு பிள்ளைகளின் கையை விடவே கூடாது.

கடைசிக் கப்பலுக்கு அரை மணி நேரம் முன்பே துறையில் இருக்க வேண்டும். தவறினால் அன்றிரவு தீவில்தான். மறுநாள் காலை விமானம் இருக்கும்போது தீவுப் பயணத்தை வைத்துக்கொள்வது அதனினும் பெரிய தவறு; அட்லாண்டிக் சீறினால் கப்பல் நின்றுவிடும், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தீவுக்குரிய நாளைப் பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள். ஒரு நாள் தள்ளிப்போனாலும் இடம் இருக்கும்.

கடல் ஏறி இறங்குவதைக் கணக்கில் எடுக்காதது

சென்னைக் கரையில் நீர்மட்டம் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான். அதைப் பார்த்துப் பழகியவர்கள் கால்வே விரிகுடாவில் ஏமாந்துபோவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே வித்தியாசம் 5 மீட்டரை நெருங்கும். காலையில் மைல் கணக்கில் மணலாகக் கிடந்த இடம் ஆறு மணி நேரத்தில் கடலாகிவிடும்.

கிளிஃப்டனுக்கு வடமேற்கே கிளாடக்டஃப் கிராமத்துக்கு எதிரில் இருக்கும் ஓமி தீவுக்குப் பாலம் இல்லை. கடல் வற்றியதும் மணலில் நட்ட அடையாளக் கம்பங்களைப் பிடித்துக்கொண்டு நடந்தோ காரிலோ போகிறார்கள். ஸ்லைகோவின் கோனி தீவுக்கும் அதே முறைதான். அங்கே வழிகாட்டுபவை 14 கல்தூண்கள். வற்றம் எத்தனை மணிக்கு என்று அன்றைய அட்டவணையில் பாருங்கள். நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது, ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே போய், ஏறத் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும். நடக்கும் வழியில் உள்ள தாழ்வான ஓடைகள்தான் முதலில் நிரம்பும். தீவின் பக்கம் மணல் காய்ந்து தெரிந்தாலும் திரும்பும் பாதை அறுந்திருக்கும். வாடகைக் காரை மணலில் இறக்காதீர்கள். புதைந்தால் காப்பீடு கை கொடுக்காது, உப்புநீரில் வண்டியும் போய்விடும். தீவில் மாட்டிக்கொண்டால் மேட்டில் ஏறி அடுத்த வற்றம் வரை காத்திருங்கள். நீருக்குள் இறங்கி நடக்க முயல்வதுதான் ஆளைக் கொல்லும். ஆபத்து என்றால் 112 அல்லது 999-ஐ அழைத்துக் கடலோரக் காவல் வேண்டும் என்று சொல்லுங்கள்.

பழைய கற்களில் கை வைப்பது

பர்ரன் சுண்ணாம்புப் பாறைவெளியில் பூல்னப்ரோன் என்ற கல்திட்டை நிற்கிறது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. 1980-களில் அகழ்ந்தபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. பார்க்கக் கட்டணம் இல்லை. சுற்றிலும் கிடக்கும் கற்களை அடுக்கிச் சின்னச் சின்னக் கல்திட்டை செய்து படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் கல்லைப் பெயர்க்கும் ஒவ்வொரு முறையும் அதன் அடியில் வாழும் பூச்சிகளும் பிளவில் வேர்விட்ட செடிகளும் அழிகின்றன, தொல்லியல் அடையாளமும் குலைகிறது. வசந்தத்தில் நீல நிற ஜென்ஷியன் பூக்கும் தரை அது. கிடக்கும் கல் கிடக்கட்டும். பாறைப் பிளவுகளைப் புல் மூடியிருப்பதால் கணுக்கால் மாட்டிக்கொள்ளும். கால் வைக்குமுன் பார்த்து வையுங்கள்.

ஸ்லைகோவில் நாக்னரே குன்றின் மேல் மேவ் அரசியின் பெயரால் வழங்கும் கற்குவியலும் இப்படித்தான். அது இன்னும் அகழப்படாத புதைமேடு. குன்றில் ஏறலாம், குவியலின் மேல் ஏறக் கூடாது. ஏற ஏறக் கற்கள் சரிந்து உள்ளே இருக்கும் அமைப்பு சிதைகிறது.

அயர்லாந்தில் வயல்வெளி பெரும்பாலும் தனியார் நிலம். எங்கும் நடந்து போகும் பொது உரிமை கிடையாது, பல இடிந்த மடாலயங்களுக்குப் போகும் வழி விவசாயியின் நல்லெண்ணத்தால் திறந்திருப்பது. மூடியிருந்த வாயிலை மூடிவிட்டும், திறந்திருந்ததைத் திறந்தபடியும் விட்டுப் போங்கள். ஆட்டு மந்தைக்குள் நாயைக் கொண்டுபோக வேண்டாம்.

உடை, உணவு, தங்குமிடம்

குடை வேண்டாம், காற்று ஐந்து நிமிடத்தில் அதை முறித்துவிடும். தலைமூடி வைத்த நீர்புகா மேலங்கி எடுங்கள், ஜூலையிலும்தான். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. மேயோவின் குரோ பேட்ரிக் மலையில் ஏறுகிறவர்கள் 764 மீட்டர்தானே என்று இளக்காரமாக நினைக்கிறார்கள். மேல்பகுதி முழுக்கச் சரளைக் கல் சரிவு. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் வழுக்கும். கைத்தடி அவசியம். ஜூலை கடைசி ஞாயிறு ஆயிரக்கணக்கான யாத்திரிகர் ஏறும் நாள் என்பதால், மலையை அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

ஜூலை இறுதியில் தொடங்கும் கால்வே குதிரைப் பந்தய வாரத்தில் நகரத்தில் அறை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை எகிறும். அந்த வாரம் வெஸ்ட்போர்ட் பக்கம் தங்குவது நல்லது.

சிற்றூர்களில் சமையலறை இரவு 9 மணிக்குள் மூடிவிடும், சில இடங்களில் இன்னும் முன்பே. சைவம் உண்பவர்கள் ‘காய்கறி சூப்’ என்றாலும் எதன் சாற்றில் செய்தது என்று கேளுங்கள், கோழிச்சாறு வழக்கம். பிள்ளைகளோடு பப்பில் இசை கேட்கப் போகிறவர்களுக்கு: 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் மதுக்கூடத்தில் இரவு 9 மணி வரைதான் இருக்கலாம், மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. இசை பெரும்பாலும் ஒன்பதரைக்குத்தான் சூடுபிடிக்கும் என்பதால் குளிர்காலத்தில் குடும்பமாகப் போனால் தொடக்கம்கூடக் கிடைக்காது. பிற்பகல் இசை நடக்கும் இடத்தை விசாரித்து வையுங்கள்.

விசா

அயர்லாந்து ஷெங்கன் வட்டத்தில் இல்லை. ஐரோப்பியச் சுற்றுலாவுக்கு வாங்கிய ஷெங்கன் விசா இங்கே செல்லாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களின் பிரிட்டன் விசாவில் ‘பி.ஐ.வி.எஸ்.’ (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பு இருந்தால் அதை வைத்தே அயர்லாந்தும் வரலாம், ஆனால் முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்திருக்க வேண்டும். ஸ்லைகோ, டோனகால் வரை போனவர்கள் ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று வட அயர்லாந்தின் டெர்ரிக்கும் ஜயன்ட்ஸ் காஸ்வேக்கும் காரைத் திருப்பிவிடுகிறார்கள். அது பிரிட்டனின் பகுதி. சாலையில் எல்லைச் சாவடி இல்லை, வேக வரம்புப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவது மட்டுமே அடையாளம். சாவடி இல்லாவிட்டாலும் அந்தக் குறிப்பில்லாத ஐரிஷ் விசாவோடு நுழைவது சட்டமீறலே. பின்னால் எந்த நாட்டு விசாவுக்கு விண்ணப்பித்தாலும் அது குறுக்கே வரலாம். வடக்கும் போகும் எண்ணம் இருந்தால் விண்ணப்பிக்கும்போதே இரண்டு நாட்டுக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். வாடகைக் கார் நிறுவனத்திடமும் எல்லை தாண்ட அனுமதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று சாவியை வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.