வளைவில் நான் நிற்கும் இடத்தை மாற்றினேன்

வேளச்சேரியில் இருந்து ஞாயிறு விடியலில் கிளம்பி ஏலகிரிக்குப் போவோம். நண்பர்கள் பைக் ஓட்டுவார்கள். நான் அங்குள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் கேமராவோடு நிற்பேன். வெளிப்பக்கம்தான் என் இடம். வண்டி நேராக நம் மேல் வருவதுபோல் படம் விழும்.

ஒருநாள் ஒரு நண்பன் என்னைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான், வண்டி கோட்டைத் தாண்டி எதிர்த்தடத்துக்குப் போய்விட்டது. நல்லவேளை, எதிரே பஸ் வரவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. கண் போகும் பக்கம்தான் வண்டி போகும். அவன் கண்ணை இழுத்தது நான்.

அப்புறம் வளைவின் உள்பக்கம், சாலையை விட்டு நன்றாக விலகிய மேட்டுக்கு மாறினேன். தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் 200 மி.மீ. லென்ஸ் இருந்தால் தூரம் பிரச்சினையே இல்லை. ஒழுங்காகத் திரும்புகிறவர் வளைவு முடியும் இடத்தை நோக்கித் தலையைத் திருப்பியிருப்பார், அதனால் முகமும் கிடைக்கிறது. ஃபிளாஷ் கிடையாது, கையசைப்பும் கிடையாது.

ஷட்டர் வேகத்தையும், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தையும், மாற்றினேன். 1/1000 நொடியில் சக்கரம் உறைந்து, நிறுத்தி வைத்த வண்டிபோல் தெரியும். 1/125 நொடியில் சக்கரம் சுழல்வது தெரியும், ஆனால் இடுப்பிலிருந்து திரும்பி கேமராவை வண்டியோடு கூடவே கொண்டுபோக வேண்டும். பட்டனை அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. இதைக் காமராஜர் சாலை நடைபாதையில் நின்று, போகிற பஸ்களை வைத்துப் பழகினேன்.

ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: பிரேக், கியர் எல்லாம் வளைவுக்கு முன்பே முடியட்டும்.

போன மாதம் அதே நண்பன் அதே வளைவில் என்னைக் கவனிக்கவே இல்லை. அந்தப் படத்தைத்தான் வீட்டில் மாட்டியிருக்கிறான்.