ஒற்றைச் செருப்பு எங்கே? – பிள்ளைகளுக்குப் புது நாடகம் கட்டுகிறவர்களுக்கு

"சிறுவர் நாடகம் போடுகிறோம்" என்றால் மதுரையில் பாதிப் பேர் திருப்பிக் கேட்பது, "எத்தனை பிள்ளைங்க நடிக்குது?" என்றுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஊர் வரலாறு அப்படி. 1918ல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியது இங்கேதான். எம்.ஜி.ஆரும் சின்ன வயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இருந்தவர். அங்கே பிள்ளைகள் நடித்தார்கள், பெரியவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். எங்கள் குழுவில் கதை தலைகீழ். பெரியவர்கள் ஆறு பேர் சம்பளத்துக்கு நடிக்கிறோம், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பெர்லினில் கிரிப்ஸ் என்ற குழு இதே வேலையைப் பல காலமாகச் செய்கிறது. பெரியவர்களே சிறுவர்களாக நடிப்பார்கள், கதையும் பிள்ளைகளின் அன்றாடப் பிரச்சினையாக இருக்கும். 1980களில் நடிகர் மோகன் அகாஷே அந்த முறையைப் புனேவுக்குக் கொண்டுவந்து மராத்தியில் வேரூன்ற வைத்தார். அதனால் "இது என்ன புதுசா?" என்று யாராவது கேட்டால் தயங்காமல் பதில் சொல்லலாம்.

புது நாடகத்துக்குக் கதை எங்கே கிடைக்கும்? பிள்ளைகளிடம் போய் "என்ன கதை வேணும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். பேய், ராஜா, டிவியில் நேற்று ஓடியது, இந்த மூன்றுதான் வரும். நான் கேட்பது வேறு: "வீட்டுல கடைசியா எப்ப பொய் சொன்னே?" முதல் ஐந்து நிமிடம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நாம் சொன்ன பொய் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும், அதுவும் உண்மையாகவே சொன்ன பொய்யாக இருக்க வேண்டும். அப்புறம் அடைமழைதான். ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி சொன்னாள்: புதுச் செருப்பில் ஒன்றைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைத்துவிட்டாள். அம்மாவிடம், "நாய் தூக்கிட்டுப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் கதை. "நாய்க்கு என்னாச்சு?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

சரி, நாடகம் கிடைத்துவிட்டது.

உடனே வசனம் எழுத உட்காராதீர்கள். நாங்கள் முதல் இரண்டு வாரம் பேனாவைத் தொடுவதில்லை. ஒருவர் அம்மா, ஒருவர் செருப்பைத் தொலைத்த சிறுமி (நாடகத்தில் அவள் பெயர் செல்வி), ஒருவர் நாய். சூழலை மட்டும் சொல்லிவிட்டு நடிக்க விடுவேன், நல்லதாக வந்த வரியை மட்டும் குறித்துக்கொள்வேன். நாயாக நடித்தவர் நாலு காலில் தவழ்ந்தபோது எல்லோரும் சிரித்தோம், ஆனால் பத்து நிமிடத்தில் முட்டி போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு காட்சி, வாரத்தில் நாலு நாள் நடிக்கிறவரின் முட்டியை யோசித்துத்தான் உடல்மொழியைத் தீர்மானிக்க வேண்டும். கடைசியில் அவர் நின்றுகொண்டே, இடுப்பில் கட்டிய சணல் கயிற்றை வாலாக ஆட்டினார். ஒரு பிள்ளைகூட "இது நாய் இல்லை" என்று சொல்லவில்லை.

தெருக்கூத்திலிருந்து இரண்டு விஷயத்தைக் கூசாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கட்டியங்காரன். கதைக்குள்ளும் இருப்பான், வெளியே வந்து பிள்ளைகளிடம் வம்பும் பேசுவான். பள்ளியில் நடுவே மணி அடித்தாலும், ஆடு உள்ளே வந்தாலும் அவன் சமாளித்துவிடுவான். இன்னொன்று, கைத்திரை. இரண்டு பேர் ஒரு வேட்டியைப் பிடித்து நின்றால் போதும். பின்னால் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கும், ஆள் தெரியாது. எத்தனை லைட் போட்டாலும் இந்த எதிர்பார்ப்பை உண்டாக்க முடியாது. முகமூடி பயன்படுத்தினால் மட்டும் கவனம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அலறி அழுததைப் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் நடிகர் அவர்கள் கண் முன்னாலேயே முகமூடியை மாட்டுகிறார், "நான்தான், பயப்படாதீங்க" என்று ஒருமுறை கழற்றியும் காட்டுகிறார். பயம் போய்விடுகிறது, கதை போவதில்லை.

நாடகம் பாதி வெந்ததும் ஒரு வகுப்பு முன்னால் போட்டுப் பார்க்க வேண்டும். முப்பது பிள்ளைகள் போதும். ஆறு பேரில் ஒருவரை நடிக்க விடாமல் ஓரமாக உட்கார வைப்பேன். அவர் மேடையைப் பார்க்கக் கூடாது, பிள்ளைகளை மட்டும் பார்க்க வேண்டும். கையில் கடிகாரம், நோட்டு. எந்த நிமிடத்தில் நெளிந்தார்கள், எப்போது சத்தம், எப்போது அமைதி என்று குறிப்பார். அமைதியிலும் இரண்டு வகை உண்டு. வாய் பிளந்து பார்ப்பது ஒன்று. வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருப்பது இன்னொன்று. அது வகுப்பறை அமைதி, நாடகத்துக்குச் சாவுமணி.

செருப்பு நாடகத்தின் முதல் வடிவத்தில் அந்த இரண்டாவது வகை வந்தது. கடைசிக் காட்சியில் டீச்சர் பாத்திரம் வந்து, "பொய் சொன்னா யாருக்கெல்லாம் கஷ்டம் பாத்தீங்களா?" என்று பேசும்படி வைத்திருந்தேன். மூன்று பக்க வசனம், எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. நடிகை குரலை மாற்றிய அந்த விநாடியில் முதல் வரிசை முழுக்க நிமிர்ந்து கை கட்டியது. ஒருத்தன் பழக்க தோஷத்தில் "எஸ் மிஸ்" என்றான். அன்று சாயங்காலமே அந்த மூன்று பக்கத்தையும் எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, செல்வி நாயின் பக்கத்தில் உட்கார்ந்து தன் பன்னைப் பிய்த்துப் பாதியை நீட்டுவாள், வசனமே கிடையாது. நாய் உடனே வாங்காது. அந்த இடைவெளியை எவ்வளவு நீட்டுவது என்பதற்கு மட்டும் ஒரு நாள் முழுக்க ஒத்திகை பார்த்தோம். ஏழு எண்ணினால் சரியாக வந்தது.

அதே நோட்டில் இன்னொன்றும் இருந்தது. 24வது நிமிடத்தில் அம்மா நாயை அடிக்கக் குச்சியை எடுத்ததும் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்று, "நாய் எடுக்கல! நாய் எடுக்கல!" என்று கத்தியிருக்கிறார்கள். நாடகத்தின் உயிர் அங்கேதான் இருந்தது, அதற்கு முன்னால் 20 நிமிடம் நான் திருவிழாவையும் ராட்டினத்தையும் காட்டிக்கொண்டிருந்தேன். திருவிழாவை மூன்று நிமிடமாகச் சுருக்கி, குச்சியை 9வது நிமிடத்துக்குக் கொண்டுவந்தோம். மொத்தம் 32 நிமிடம். ஒரு பீரியடுக்குள் முடிய வேண்டும், பிள்ளைகள் உட்காரவும் எழுந்து போகவும் பத்து நிமிடம் வேண்டும்.

பிள்ளைகளிடம் கேள்வி கேட்கும் வசனம் வைத்தால், வரக்கூடிய எல்லாப் பதிலுக்கும் தயாராக இருங்கள். "அம்மாகிட்ட உண்மையைச் சொல்லட்டுமா?" என்று செல்வி ஒரு பள்ளியில் கேட்டாள். "வேணாம்க்கா, அடிப்பாங்க" என்று பதில் வந்தது, அதுவும் ஒரே குரலில். நடிகை திணறிப்போனாள். அதன் பிறகு இரண்டு பதிலுக்கும் இரண்டு வழி வைத்துக்கொண்டோம். "வேணாம்" என்றால் கட்டியங்காரன் "அப்ப நாய்?" என்று மட்டும் கேட்பான்.

பள்ளிக்குப் போகும் விஷயம். முந்தின நாளே போய் 11 மணிக்கு வேப்ப மர நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வெயில் நடிகர் முகத்தில் விழட்டும், பிள்ளைகளின் கண்ணில் விழக் கூடாது. 150 பேருக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள், மைக் வைத்தால் நாடகம் பொதுக்கூட்டமாகிவிடும். சின்ன வகுப்பு முன்னால், ஜமுக்காளத்துக்கு முன் சாக்பீஸால் ஒரு கோடு. சத்துணவு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள், சாம்பார் வாசனையோடு போட்டி போட எந்த நடிகராலும் முடியாது. ஆசிரியர்களைப் பிள்ளைகளோடு உட்காரச் சொல்லுங்கள். பிரம்போடு ஓரத்தில் நின்றால் ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. "பிள்ளைங்களுக்குத்தானே, சும்மா போடுங்களேன்" என்று கேட்பார்கள். ஒரு தனியார் பள்ளியில், தாளாளரைப் புகழ்ந்து ஒரு பாட்டுச் சேர்த்தால் பணம் தருகிறோம் என்றார்கள், திரும்பி வந்துவிட்டோம். ஒரு காட்சியின் விலையில் வேன், சாப்பாடு மட்டுமல்ல, ஒத்திகை பார்த்த வாரங்களின் சம்பளமும் ஏற வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்காத குழுவுக்கு அடுத்த புது நாடகம் இருக்காது.

காட்சி முடிந்ததும் வேனில் ஏறி ஓடாதீர்கள். கால் மணி நேரம் பிள்ளைகளோடு உட்காருங்கள். "என்ன கத்துக்கிட்டீங்க?" என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்க விடாதீர்கள், ஹெச்.எம். கேட்க வந்தாலும் நைசாகப் பேச்சை மாற்றிவிடுங்கள். முதல் காட்சி முடிந்ததும் ஒரு பையன் என்னிடம் வந்து கேட்டான்: "அக்கா, அப்ப அந்தச் செருப்பு எங்க?" ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இத்தனை வாரத்தில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை.

இப்போது கட்டியங்காரனின் முதுகுப் பக்கம், இடுப்புத் துண்டில் அந்தச் சிவப்புச் செருப்பு ஆரம்பத்திலிருந்தே தொங்குகிறது. அவன் கவனமாக முகத்தையே காட்டிக்கொண்டிருப்பான். சாக்பீஸ் கோட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருத்தர்தான் முதலில் பார்ப்பார். பக்கத்துப் பிள்ளையை முழங்கையால் இடிப்பார். அந்த இடி வரிசை வரிசையாகப் பரவ எத்தனை நிமிடம் ஆனது என்று ஓரத்தில் இருப்பவர் இன்னமும் நோட்டில் குறித்துக்கொண்டுதான் இருக்கிறார்.