குரோமா, பாலிஷா? அலாய் வீலில் கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்றாடம் ஓட்டுகிற காரின் அலாய் வீலுக்குக் குரோம் முலாம் பூசாதீர்கள். பளபளப்பு வேண்டுமென்றால் பாலிஷ் போடுங்கள். தொடர்ந்து துடைத்துப் பராமரிக்க நேரமில்லை என்றால் அதுவும் வேண்டாம், நல்ல சில்வர் பெயிண்டே போதும். வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் கார் வைத்திருப்பவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது இதுதான்.

முதல் தவறு, சக்கரம் எந்த உலோகம் என்று தெரிந்துகொள்ளாமலேயே வேலையைக் கொடுத்துவிடுவது. காந்தம் நன்றாக ஒட்டினால் அது இரும்பு ரிம். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியக் கலவை. அதன் பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. மெட்டல் பாலிஷை வெள்ளைத் துணியில் தொட்டு, கழுவிய இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அது வெறும் அலுமினியம். கறுக்காவிட்டால் மேலே கிளியர் கோட் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) இருக்கிறது, அல்லது ஏற்கெனவே முலாம் பூசியிருக்கிறார்கள்.

கம்பெனியிலிருந்து காருடன் வரும் அலாய் வீல்களில் பெரும்பாலானவை பெயிண்டும் கிளியர் கோட்டும் அடித்தவை. டைமண்ட் கட் வகையில் முகப்பைக் கடைசல் இயந்திரத்தில் சீவிவிட்டு அதன்மேல் கிளியர் கோட் அடித்திருப்பார்கள். இவற்றின்மேல் அப்படியே பாலிஷ் தேய்த்தால் உலோகத்தைத் தொடவே மாட்டோம். பெயிண்டை முழுவதும் நீக்கினாலோ, வார்ப்பில் உள்ள நுண்துளைகள் வெளியே தெரியும். முகம் தெரியும் அளவுக்கு மினுங்கும் என்று காத்திருந்தவருக்கு ஊசித்துளைகள் நிறைந்த முகப்பு கிடைக்கும். வேலை தொடங்கும் முன் ஒரு கையகல இடத்தில் மட்டும் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மறுக்கிற பட்டறையில் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

குரோம் கவசமா?

குரோம் பூசினால் சக்கரம் பாதுகாப்பாகிவிடும் என்ற நம்பிக்கைதான் அதிகப் பணத்தைத் தின்கிறது. நாம் கண்ணால் பார்க்கும் குரோம் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அலுமினியத்தின்மேல் காற்றுப் பட்ட உடனே ஆக்சைடு படிந்துவிடுவதால், முலாம் அதன்மேல் நேராகப் பிடிக்காது. முதலில் ஜிங்கேட் கரைசலில் முக்கி மெல்லிய துத்தநாகப் படலம் ஏற்ற வேண்டும். அதற்கு மேல் செம்பு, அதற்கு மேல் நிக்கல், கடைசியில்தான் குரோம். ஈரத்தைத் தடுக்கும் வேலையைச் செய்வது தடிமனான நிக்கல்தான். குரோம் அந்த நிக்கல் மங்காமல் காத்து, லேசான நீலச் சாயலைத் தருகிறது.

இந்த அடுக்குகளைத் தாண்டி ஒரு கீறல் அலுமினியம் வரை இறங்கிவிட்டால் சிக்கல் தொடங்குகிறது. செம்பும் நிக்கலும் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்பு கலந்த ஈரம் சேரும்போது அங்கே ஒரு மின்கலம் உருவாகிறது. அதில் கரைவது அலுமினியம். மேலே முலாம் மினுங்கிக்கொண்டிருக்கும். அடியில் உலோகம் வெள்ளைத் தூளாக மாறும். பிறகு முலாம் கொப்புளித்து, செதில் செதிலாக உரியும். உரிந்த விளிம்பு கையை அறுக்கும் அளவுக்குக் கூர்மையானது.

குளிர் நாடுகளில் பனியைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பு இந்தச் சேதத்தைச் செய்கிறது. இங்கே பனி இல்லை என்று நிம்மதி அடைய முடியாது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் காரைக் கழுவி, அக்னி நட்சத்திர வெயிலில் துடைக்காமல் காயவிடுகிறோம். தண்ணீர் போய்விடும், உப்பு சக்கரத்திலேயே தங்கிவிடும். முதல் கீறலுக்குச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரி தெறிக்கவிடும் ஒரு ஜல்லிக் கல் போதும். சூடும் சேர்ந்துகொள்கிறது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் அலுமினியம் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 23 பங்கு விரியும், நிக்கல் 13 பங்குதான் விரியும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் பிடித்தபடி இறங்கும் சக்கரம் சூடேறி, கீழே மழையில் சட்டென்று குளிரும்போது, பிடிமானம் குறைந்த முலாம் விட்டுப்போகிறது.

உரியத் தொடங்கிய குரோமைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. அது முடியாது. எல்லா அடுக்குகளையும் கரைத்தெடுத்து, அரித்த குழிகளைச் சீர்செய்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது முறை ஆகும் செலவுக்குப் புதிய சக்கரமே வாங்கிவிடலாம் என்ற நிலை வந்துவிடும்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறு. பள்ளத்தில் இறங்கி வளைந்து, வெல்டு வைத்து நிமிர்த்திய ரிம்முக்கும் முலாம் பூசிவிடுகிறார்கள். அதன் பிறகு விரிசல் எங்கே இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. பழைய சக்கரம் வாங்குபவர்கள் குரோம் பூசியதைப் பார்த்து மயங்குவதும் இதனால்தான் ஆபத்து. பூசுவதற்கு முன் விரிசல் காட்டும் சாயம் தடவிப் பார்ப்பது எளிய சோதனை. அதைக் கேட்டு வாங்குங்கள். வெல்டு வைத்த ரிம்மை அழகுபடுத்தவே வேண்டாம்.

பாலிஷில் நடக்கும் தவறுகள்

பெயிண்டை நீக்கும் முறையில் கவனம் வேண்டும். இரும்புக் கதவுக்குப் பழகிய சில பட்டறைகளில் காஸ்டிக் சோடாக் கரைசலைப் பயன்படுத்துவார்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும். கேஸ் தீயில் பெயிண்டைச் சுட்டு உரிப்பது அதைவிட மோசம். அலாய் வீலின் வலிமை, ஆலையில் அளந்து சூடுபடுத்திப் பதப்படுத்தியதால் வந்தது. கட்டுப்பாடில்லாத தீ பட்டால் அந்தப் பதம் கெட்டு உலோகம் மென்மையாகிவிடும், பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அலுமினியத்துக்கென்று உள்ள பெயிண்ட் ரிமூவரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பாலிஷ் போட்ட வெறும் அலுமினியம் குத்துவிளக்கு மாதிரி, துலக்கத் துலக்கத்தான் துலங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில வாரங்கள் விட்டுவைத்தால் மங்கிவிடும். இந்தத் தொல்லையைத் தவிர்க்க மேலே கிளியர் கோட் அடிக்கச் சொல்கிறார்கள். மிக வழவழப்பான பரப்பில் கிளியர் கோட் சரியாகப் பிடிப்பதில்லை. கல் பட்ட இடத்தில் ஈரம் நுழைந்து அடியில் வெள்ளை நூலிழைகளாக அரிப்பு ஓடும். வெறுமனே விட்டு, கழுவிய பின் மெழுகு தடவி வருவதே நல்லது. வாட்டர் வாஷ் நிலையத்தில் ஆசிட் கலந்த திரவம் தெளிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தொட்டியிலிருந்து போகும் தண்ணீர்

நம் பகுதிக்காரர்கள் குரோமை வெறும் மினுக்காகப் பார்க்கக் கூடாது. 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்த ராணிப்பேட்டையில், மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் வளாகத்தில் ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு பல ஆண்டுகள் குவிந்து கிடந்தது. தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே சேதத்துக்கான செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். வழக்கமான முலாம் தொட்டியில் இருப்பது குரோமிக் அமிலம், அதாவது அறுவிணைதிறன் குரோமியம். குரோமியத்தின் இந்த இரண்டாவது வடிவம் புற்றுநோய் உண்டாக்குவது. தொட்டியருகே நிற்கும் தொழிலாளி அதன் ஆவித்துளிகளைச் சுவாசிக்கிறார்.

அதனால் முலாம் கடையில் விலை கேட்கும் முன், கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியைக் காட்டுவார். கழிவுநீரை வேதிமுறையில் மாற்றி, சுண்ணாம்பு சேர்த்து வண்டலாகப் படியவைத்து அனுப்பும் வழியைச் சொல்வார். கடைக்குப் பின்னால் சாக்கடையில் மஞ்சள் நிறத்தில் தண்ணீர் ஓடினால் சக்கரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

குரோமே கூடாது என்பதல்ல. பழைய அம்பாசடரின் வீல் கப் முதலில் வரும்போதே குரோம் பூசியதுதான். அது சுமை தாங்காத இரும்புத் தகடு, முலாமும் நன்றாகப் பிடிக்கும். அதற்கு மறுமுலாம் பூசுவது பொருத்தமான செலவு.

மாட்டும்போது

எந்த மெருகு செய்தாலும் சக்கரத்தின் சில இடங்களைத் தொடக் கூடாது. டயர் உட்காரும் விளிம்பில் முலாம் உரிந்தால் காற்று மெல்ல இறங்கும். நட்டு உட்காரும் குழியில் முலாம் இருந்தால் நசுங்கி, நட்டு தளரும். இரண்டையும் மறைத்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள். எடை மாறியிருக்கும் என்பதால் வீல் பேலன்சிங் மீண்டும் செய்ய வேண்டும். அதற்குக் கிளிப் எடை வேண்டாம், விளிம்பைக் கீறிவிடும். உட்புறம் ஒட்டும் எடை போதும். நட்டைக் காரின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கி, 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போனால் அந்தத் தொலைவு வந்துவிடும்; சக்கரம் ஆறிய பிறகு ஸ்பேனரை எடுங்கள்.