கண்ணாடி இழைத் தகடு வார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஃப்.ஆர்.பி. (இழையால் வலுவூட்டிய பிளாஸ்டிக்) வேலைக்குப் புதிதாக வருவோர், தொடக்கத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளைத் திரும்பவும் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கையுறை அணிவதும் அச்சுக்கு மெழுகு பூசுவதும் முதல் நாளே சொல்லித்தரப்படுபவை. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, பொருளின் அமைப்பைப் புரிந்துகொள்ளாததால் நேரும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ரெசின் கூடினால் பலம் கூடும் என்று நினைப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். சுமையைத் தாங்குவது கண்ணாடி இழை. அந்த இழைகளை இடம்பெயராமல் பிடித்துக்கொள்வதும், ஓர் இழையிலிருந்து அடுத்ததற்குச் சுமையைக் கடத்துவதும், ஈரமும் உராய்வும் அண்டாமல் காப்பதுமே, இறுகிக் கெட்டியாகும் பிசினான ரெசினின் வேலை. வழக்கமாகப் பயன்படும் இழையான ஈ-கண்ணாடியின் யங் குணகம் (நீட்சியை எதிர்க்கும் விறைப்பின் அளவு) சுமார் 72 கிகாபாஸ்கல். இறுகிய பாலியெஸ்டர் ரெசினுக்கு அது 3 அல்லது 4 மட்டுமே.

அண்மையில் ஒருவர், மூலையில் விரிசல் விட்ட 4 மி.மீ. மூடி ஒன்றைக் கொண்டுவந்து, தடிமன் சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் விரிசல் விட்டது என்று கேட்டார். அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடைபோட்டு, 565 டிகிரி செல்சியஸ் உலையில் ரெசின் முழுவதும் எரிந்துபோகும்வரை வைத்தோம். எஞ்சிய வெள்ளை இழைகளை இடுக்கியால் பிரித்தபோது, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (இழைத்துண்டுகளைப் பசையால் பிணைத்த விரிப்பு) இரண்டே அடுக்குதான் இருந்தது. அந்த மேட்டை முறையாக நனைத்து ரோலரால் அழுத்தினால் ஓர் அடுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வரும், எனவே நான்கு அடுக்கு வைத்திருக்க வேண்டும். மீதித் தடிமனை அவர் ரெசினாலேயே நிரப்பியிருந்தார்.

மேட் தகட்டில் வழக்கமாக எடையில் 30 சதவீதம் கண்ணாடி இருக்கும். கண்ணாடியின் அடர்த்தி ரெசினைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால், கன அளவில் அது 17 சதவீதமே. இந்த மூடியில் அது சுமார் 9 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. போதாக்குறைக்கு, பாலியெஸ்டர் இறுகும்போது கன அளவில் 5 முதல் 10 சதவீதம் வரை சுருங்குவதால், இழையே இல்லாமல் ரெசின் தேங்கிய மூலைகள் சுமை ஏறுவதற்கு முன்பே உள்ளிழுவிசையில் இருக்கும். விரிசல் அங்கேதான் தொடங்கும். அதே முறையில் வார்த்த மூடிகள் அனைத்தையும் அவர் கழிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே தடிமனை அளந்து திருப்தியடையாதீர்கள். மேட்டை எடைபோட்டு, அதைப் போல இரண்டேகால் மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரை ரெசினை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். எரித்துப் பார்க்கும் சோதனையிலும் ஒரு கவனம் வேண்டும்: ரெசினில் சுண்ணத்தூள் போன்ற நிரப்பி கலந்திருந்தால் அதுவும் உலையில் எஞ்சும், அதைப் பிரிக்காமல் எடைபோட்டால் கண்ணாடி அதிகம் இருப்பதாகக் காட்டும். மறுபுறம், ரெசினை அளவுக்கு மீறிக் குறைத்தால் நனையாத இழைகள் வெண்புள்ளிகளாகத் தெரியும். அங்கே சுமை கடத்தப்படாது, நீரும் புகும்.

எல்லாத் திசையிலும் ஒரே பலம் என்று கணக்கிடுவது

ஒரே திசையில் அடுக்கிய இழை கன அளவில் 60 சதவீதம் உள்ள தகட்டின் குணகம், இழையின் திசையில் சுமார் 45 கிகாபாஸ்கல். குறுக்கே அதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கே வரும். இழுவிசை எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்காமல் ரோவிங்கை (நீள இழைக்கற்றையை) விரிக்காதீர்கள்.

எஃகின் தடிமனையே இதற்கும் போடுவது

எஃகின் குணகம் 200 கிகாபாஸ்கல். மேட் தகட்டுக்கு 7 அல்லது 8. முறிவதற்கு வெகு முன்பே தொய்ந்துவிடும்.

எபாக்ஸியுடன் சாதாரண மேட்

மேட்டின் இழைத்துண்டுகளைப் பிணைத்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டது. வேறு வகை ரெசினான எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை. மேட் இளகாது, வளைவுகளில் படியாது. நெய்த துணியையோ தைத்த மேட்டையோ பயன்படுத்துங்கள்.

அமிலத் தொட்டிக்கு ஈ-கண்ணாடி

அமிலம் பட்டுச் சுமையும் ஏறினால் ஈ-கண்ணாடி இழை நொறுங்கும். அமிலத்தைத் தாங்கும், போரான் இல்லாத ஈ-சி.ஆர். கண்ணாடியும் வினைல் எஸ்டர் ரெசினும் தேவை.

கோபால்ட்டையும் எம்.இ.கே.பி.யையும் நேரடியாகக் கலப்பது

எம்.இ.கே.பி. ரெசினை இறுகச் செய்யும் பெராக்சைடு, கோபால்ட் அந்த வினையை விரைவுபடுத்துவது. இரண்டையும் நேரடியாகக் கலப்பது ஒருபோதும் கூடாது, தீப்பற்றும், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே எம்.இ.கே.பி.யைச் சேர்க்க வேண்டும்.