ஸ்டீவ் ரைஷின் ‘கிளாப்பிங் மியூசிக்’: இருவர் சேர்ந்து வாசிப்பது எப்படி

1936இல் நியூயார்க்கில் பிறந்த இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ், 1972இல் எழுதிய இந்தப் படைப்புக்கு வாத்தியமே வேண்டாம். இரண்டு பேரின் கைகள் போதும். 1965இல் ஒலிநாடாக்களையும், 1967இல் ‘பியானோ ஃபேஸ்’ படைப்பில் இரண்டு பியானோக்களையும் ஒரே துணுக்கில் தொடங்கவைத்து, கொஞ்சங்கொஞ்சமாக ஒன்றைவிட்டு ஒன்று நழுவவிட்டவர் அவர். கைதட்டலுக்கும் முதலில் அதையே நினைத்தார். அந்த எளிமைக்கு அது ஒத்துவராததால், ஒரேயடியாக ஓர் அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) தாவும் முறைக்கு மாறினார். ஆகவே இதில் நழுவல் இல்லை. தாவும்போது வேகம் கூடினால் அது பிழை.

அமைப்பு இவ்வளவுதான். ஒரு சுற்றுக்கு 12 அட்சரம். 8 தட்டு, 4 மௌனம்:

த த த – த த – த – த த –

முதலாமவர் கடைசிவரை இதையே தட்டுவார். இரண்டாமவரும் இதில்தான் தொடங்குவார். ஒவ்வொரு கட்டத்தையும் 8 அல்லது 12 முறை வாசிப்பது வழக்கம். பிறகு இரண்டாமவர் முதல் அட்சரத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார். இரண்டாம் கட்டம் இப்படி வரும்:

த த – த த – த – த த – த

இப்படியே தாவித் தாவி, 13ஆம் கட்டத்தில் இருவரும் மறுபடி ஒன்றாகிவிடுவார்கள்.

பயிற்சியை மெட்ரோனோமோடு (சீரான வேகத்தில் ‘டிக்’ ஒலி தரும் கருவி) மெதுவாகத் தொடங்குங்கள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை வாய்விட்டு எண்ணியபடி தட்டுங்கள். இரண்டு அட்சரத்துக்கு ஒருமுறை, சுற்றுக்கு ஆறாக, பாதம் தட்டட்டும். பாதம் இருவருக்கும் ஒன்றாக விழ வேண்டும். இரண்டாமவர் 12 வடிவங்களையும் தனியாக மனப்பாடம் செய்த பிறகே ஜோடி சேர வேண்டும். காகிதத்தைப் பார்த்துத் தட்டினால் தாவும் இடத்தில் கண் பின்தங்கிவிடும்.

பெரும்பாலான ஜோடிகள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். மூன்று தட்டு சேர்ந்து வருகிற இடத்தைக் காது ‘இதுதான் ஆரம்பம்’ என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாமவர் அதற்கு இடம்கொடுத்தால், பழைய வடிவத்தையே கொஞ்சம் தள்ளித் தட்டுகிறவர் ஆகிவிடுவார். படைப்பின் உயிரே போய்விடும். எழுதப்பட்ட முதல் அட்சரமே எப்போதும் அவருடைய முதல் அட்சரம். மூன்று தட்டு எங்கே விழுந்தாலும் அழுத்தம் அங்கே போகக் கூடாது.

4, 7, 9, 12ஆம் கட்டங்களில் இரண்டாமவருக்கு முதல் அட்சரமே மௌனம். அங்கே பாதம்தான் துணை. 2, 7, 12ஆம் கட்டங்களில் இருவரின் மௌனங்களும் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. 12 அட்சரத்திலும் யாராவது ஒருவர் தட்டிக்கொண்டே இருப்பார். ஒத்திகையைப் பதிவுசெய்து இந்த மூன்று கட்டங்களைக் கேளுங்கள். எங்காவது இடைவெளி கேட்டால் இருவரில் ஒருவர் தவறிவிட்டார். ஏழும் பன்னிரண்டும் இரண்டு தொல்லையும் சேர்ந்தவை. ஒத்திகை நேரத்தில் பாதியை அவற்றுக்கே கொடுத்தாலும் தகும்.

சுற்றுகளை எண்ணும் பொறுப்பு இரண்டாமவருக்கு. ஒவ்வொரு சுற்றின் முதல் அட்சரத்திலும் அந்தச் சுற்றின் எண்ணை மனதுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். ஒவ்வொரு கட்டத்தின் கடைசிச் சுற்றிலும் ஒரு தலையசைப்பு. எண்ணிக்கை தவறினாலும் முதலாமவர் நிறுத்தவோ வடிவத்தை மாற்றவோ கூடாது; அவர் நிலையாக நின்றால் மற்றவர் திரும்பிவர முடியும்.

உள்ளங்கையைக் குவித்துத் தட்டுவதா, விரித்துத் தட்டுவதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் இருவருக்கும் ஒரே நாதம் வேண்டும். ஒருவருடையது கூர்மையாகவும் மற்றவருடையது மந்தமாகவும் இருந்தால் இரண்டு பேர் தட்டுவதுதான் கேட்கும். இரண்டும் கலந்து பிறக்கிற மூன்றாவது வடிவம் கேட்காது. கேட்பவர்களுக்குப் போய்ச்சேர வேண்டியது அதுதான்! ஒரு கையை அசையாமல் வைத்து மற்றக் கையால் மட்டும் தட்டுங்கள். இரண்டையும் வீசினால் வேகத்தில் தோள் சோர்ந்து, கடைசிக் கட்டங்களில் தாளம் இழுக்கும்.

பெரிய அரங்கில் இருவருக்கும் நடுவே ஒரே மைக் வையுங்கள். இரண்டு மைக் வைத்தால் இரண்டையும் ஒன்றாகக் கலந்து மோனோவாகவே அனுப்பச் சொல்லுங்கள். இடம் வலமாகப் பிரித்தால் அந்தக் கலப்பு உடைந்துவிடும்.